டேக் குவியலில் எந்த வகை எத்தனை? நிகழ்தகவு மதிப்பீட்டால் ஆர்எஃப்ஐடி வகைகளைக் கண்டறிய ஒரு முழு வழிகாட்டி

வார இறுதிக் கூட்டம் கலைந்த திங்கட்கிழமை காலை. புதுச்சேரி ஒயிட் டவுன் விருந்தினர் இல்லங்களிலும் ஈசிஆர் ஓட்டல்களிலும் மாற்றிய துணியெல்லாம் லாண்டரிக்கு வந்து சேருகிற நேரம். சேதராப்பட்டுப் பக்கம் அப்படி ஒரு லாண்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துணியின் மடிப்பிலும் ஒரு யுஎச்எஃப் டேக், அதாவது ரேடியோ அலையில் தன் அடையாள எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி சில்லு, தைத்திருக்கிறது. டிராலி வாசலைக் கடக்கும்போது ரீடர் படிக்கிறது. ஓட்டல் சீட்டில் கைத்துண்டு 100. ரீடர் காட்டுவது 83.

மீதி 17-க்கு யார் பொறுப்பு? இப்படிப்பட்ட இடத்தில் துணி இறக்கியவர் மேல்தான் பழி விழும், சில சமயம் கூலியிலும் பிடிப்பார்கள். ரீடர் படிக்காமல் விட்ட டேக் வேறு, காணாமல் போன துணி வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கணக்கு அநியாயமான கணக்கு. எல்லா டேக்கையும் ஒவ்வொன்றாகப் படித்து முடிக்காமலேயே எந்த வகை எத்தனை இருக்கும், அந்த எண்ணில் பிழை எவ்வளவு என்று சொல்லக்கூடிய முறைகள் இருக்கின்றன. அவற்றை ஒரே டிராலியை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே பார்க்கலாம். எடுத்துக்காட்டில் வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. சூத்திரங்களை நீங்களே கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்க்கலாம்.

முதலில், கேள்வி என்ன?

இந்த வேலையில் மூன்று கேள்விகள் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்பும். குவியலில் எந்தெந்த வகைகள் இருக்கின்றன? ஒவ்வொரு வகையும் எத்தனை? குறிப்பிட்ட வகை ஒரு வரம்பைத் தாண்டியதா? மூன்றுக்கும் தேவையான உழைப்பு வேறு வேறு. நாளைக்கு 350 பெட்ஷீட் வேண்டும், இந்த டிராலியில் அவ்வளவு இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி என்றால், 388-ஆ 391-ஆ என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கேள்வியை ஒரு தாளில் எழுதிவிட்டு ரீடரைத் தொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொத்தமே 100, 200 டேக்தான், டிராலியும் நின்றுகொண்டிருக்கிறது என்றால் மதிப்பீடு வேண்டாம், எல்லாவற்றையும் படித்துவிடுங்கள். டேக் ஆயிரத்தைத் தாண்டி, நேரமும் குறைவாக இருக்கும்போதுதான் இந்த முறைகளுக்கு மதிப்பு.

டேக்கின் எண்ணில் வகை எங்கே இருக்கிறது

யுஎச்எஃப் டேக்குகள் பின்பற்றுவது பொதுவாக ஜென் 2 எனப்படும் நெறிமுறை. ஐஎஸ்ஓ 18000-63 என்பதும் அதுவே. நம் நாட்டில் இவை 865-868 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. சுங்கச்சாவடி ஃபாஸ்டேக்கும் இதே குடும்பம்தான்.

டேக்கில் உள்ள 96 பிட் எண்ணின் அமைப்புதான் நமக்கு முக்கியம். திரும்பத் திரும்பச் சுற்றிவரும் பொருள்களுக்கென்றே ஜிஆர்ஏஐ-96 என்ற அமைப்பு இருக்கிறது, ஓட்டல் துணிக்கு அதுதான் பொருத்தம். தலைப்பு 8 பிட், வடிகட்டி 3, பகுப்பு 3, நிறுவன எண்ணும் பொருள்வகை எண்ணும் சேர்ந்து 44, கடைசி 38 பிட் வரிசை எண். அதாவது முதல் 58 பிட்டைப் பார்த்தாலே இது பெட்ஷீட்டா, கைத்துண்டா என்று தெரிந்துவிடும். மீதி 38 பிட் அந்தக் குறிப்பிட்ட துணியின் அடையாளம்.

கடையில் விற்கும் பொருளின் எஸ்ஜிடிஐஎன்-96 எண்ணும் இதே அளவுகளில்தான் பிரிகிறது. தலைப்பு மட்டும் வேறு: பதினாறடிமானத்தில் அங்கே 30, ஜிஆர்ஏஐக்கு 33. விருந்தினரின் புதுச் சட்டை கடை டேக்கோடு பெட்ஷீட்டுக்குள் சுருண்டு வந்தால், இந்தத் தலைப்பை வைத்தே தனியாகப் பிரித்துவிடலாம்.

டேக் வாங்கும்போது எண்ணை எழுதாமல், தயாரிப்பாளர் கொடுத்த எண்ணோடு அப்படியே தைத்துவிட்டால் இதில் எதுவும் நடக்காது. அந்த எண்ணில் வகை இருக்காது. கணினிப் பட்டியலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு முழு எண்ணையும் படித்தாக வேண்டும். ஆகவே தைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

ரீடரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருதல்

டேக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் ரீடருக்கு எதுவும் புரியாது. அதனால் ஒரு வாசிப்புச் சுற்று ஸ்லாட்டுகள் எனப்படும் சிறு நேரக் கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு உருவாக்கிய அலோஹா வானொலி முறையின் வழிவந்த ஏற்பாடு இது. சுற்றின் அளவை ரீடர் ஒரு எண்ணால் அறிவிக்கிறது. அந்த எண் 0 முதல் 15 வரை இருக்கலாம். இரண்டை அத்தனை முறை பெருக்கினால் வருவதுதான் ஸ்லாட் எண்ணிக்கை. 10 என்றால் 1024 ஸ்லாட். ஒவ்வொரு டேக்கும் தற்செயலாக ஒரு ஸ்லாட்டைத் தேர்ந்துகொள்ளும். கடைசியில் சில ஸ்லாட் காலியாக இருக்கும், சிலவற்றில் ஒரே டேக் பேசியிருக்கும், மற்றவற்றில் இரண்டோ அதற்கு மேலோ மோதியிருக்கும்.

மதிப்பீடு முழுவதும் இந்த மூன்று எண்களின் மேல்தான் நிற்கிறது. அவை நம்பகமாக இருக்க மூன்று விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும்.

ஒன்று, ஃப்ரேம் அளவை, அதாவது ஒரு சுற்றில் உள்ள ஸ்லாட் எண்ணிக்கையை, மாறாமல் பூட்டுங்கள். பொதுவாக ரீடர்கள் நெரிசலைப் பார்த்துத் தாமாகவே சுற்றின் நடுவில் அளவை மாற்றும். படிப்பதற்கு அது நல்லது, மதிப்பீட்டுக்கு ஆகாது.

இரண்டு, ஒவ்வொரு சுற்றிலும் எல்லா டேக்கும் கலந்துகொள்ள வேண்டும். படிக்கப்பட்ட டேக் தன் கொடியை, அதாவது தான் படிக்கப்பட்டதைக் குறிக்கும் நிலையை, ஏ-யிலிருந்து பி-க்கு மாற்றிக்கொண்டு அமைதியாகிவிடும். செஷன் என்பது ரீடரில் நாம் தேர்ந்தெடுக்கும் வாசிப்பு அமைப்பு. செஷன் 1-இல் அந்தக் கொடி அரை விநாடி முதல் 5 விநாடி வரை நிற்கும். செஷன் 2, 3-இல் டேக்குக்கு மின்சக்தி கிடைத்துக்கொண்டிருக்கும் வரை அப்படியே இருக்கும். இதைக் கவனிக்காமல் இரண்டாவது சுற்றைத் தொடங்கினால் மிச்சமிருப்பவற்றைத்தான் எண்ணுவீர்கள். சுற்றுக்கு முன்னால் ஒரு செலக்ட் கட்டளை அனுப்பி எல்லாக் கொடியையும் ஏ-க்குத் திருப்பிவிடுங்கள்.

மூன்று, வெற்று ஸ்லாட், மோதிய ஸ்லாட் எண்ணிக்கையை ரீடர் வெளியே தருகிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். ரீடரும் கணினியும் பேசிக்கொள்ளும் எல்எல்ஆர்பி நெறிமுறையில் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் எல்லா ரீடரும் அதைத் தருவதில்லை. உங்கள் ரீடர் தராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பின்னால் வரும் இரட்டை வாசிப்பு முறைக்கு அது தேவையில்லை.

மொத்தத்தை மதிப்பிடுதல்

கல்யாணப் பந்தியில் 1024 இலை போட்டுவிட்டு, வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் இலையில் உட்காருகிறார்கள் என்றால், காலி இலைகளை மட்டும் எண்ணியே எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே இலையில் மூன்று பேர் இடித்துக்கொண்டிருந்தாலும் கவலையில்லை. வெற்று ஸ்லாட் மதிப்பீட்டின் அடிப்படை இதுதான்.

மொத்த டேக் = − ஃப்ரேம் அளவு × இயல் மடக்கை (வெற்று ஸ்லாட் ÷ ஃப்ரேம் அளவு)

நம் டிராலியில் ஒரு சுற்றில் வெற்று 312, தனி 370, மோதல் 342 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 312 ÷ 1024 = 0.3047. அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln பொத்தான்) −1.1885. 1024 × 1.1885 = 1217. ஆக, டிராலியில் சுமார் 1217 டேக்.

இதே எண்களை வேறு இரண்டு வழியிலும் பார்க்கலாம். மோதிய ஒவ்வொரு ஸ்லாட்டிலும் குறைந்தது இரண்டு டேக் இருந்தாக வேண்டும். அப்படியானால் 370 + 2 × 342 = 1054; உண்மை இதற்குக் கீழே போக முடியாது. 1983-இல் ஷௌட் என்ற ஆய்வாளர் காட்டிய வழியில், ஃப்ரேம் அளவும் டேக் எண்ணிக்கையும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் மோதிய ஸ்லாட் ஒன்றுக்குச் சராசரி 2.39 டேக். அதன்படி 1187. நம் குவியலில் டேக் சற்று அதிகம் என்பதால் இந்த எண் கொஞ்சம் குறைவாக வருகிறது. மூன்றையும் வைத்துப் பார்க்கும்போது 1217 பொருத்தமாகவே இருக்கிறது.

பிழை எவ்வளவு? ஸ்லாட் ஒன்றுக்குச் சராசரி எத்தனை டேக் என்பதைச் சுமை என்று சொல்வோம். இங்கே அது 1.19. மதிப்பீடு வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.

திட்ட விலக்கத்தின் வர்க்கம் = ஃப்ரேம் அளவு × (ஈ-யின் சுமை அடுக்கு − 1 − சுமை)

ஈ என்பது 2.718 என்று தொடங்கும் மாறிலி. 1024 × (3.282 − 2.1885) = 1120. வர்க்கமூலம் சுமார் 33. ஆகவே அதன் இருமடங்கை வைத்து, 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொன்னால் 1217, கூட்டியோ குறைத்தோ 66. நான்கு சுற்று ஓட்டிச் சராசரி எடுத்தால் பிழை பாதியாகும், 33-க்கு வந்துவிடும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு. இந்தக் கணக்கை எந்தத் தந்திரத்தாலும் ஏமாற்ற முடியாது.

ஃப்ரேம் அளவை எப்படித் தேர்வது? தனி ஸ்லாட் அதிகம் கிடைப்பது சுமை 1-இல்; அப்போது ஸ்லாட்டுகளில் 36.8 விழுக்காடு தனியாக இருக்கும். வகை கண்டறிய நமக்குத் தனி ஸ்லாட்தான் தீனி. ஆகவே எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் உள்ள இரண்டின் அடுக்கை எடுங்கள். சுமை 5-க்குப் போனால் வெற்று ஸ்லாட் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது, மதிப்பீடு ஆட ஆரம்பித்துவிடும். வெற்று ஸ்லாட்டே இல்லை என்றால் சூத்திரம் விடையே தராது.

வகைகளுக்குப் பிரித்தல்

எந்த டேக் தனி ஸ்லாட்டில் விழும் என்பது தற்செயல். பெட்ஷீட் டேக்குக்கும் துண்டு டேக்குக்கும் அந்த வாய்ப்பு சமம். அதனால் தனி ஸ்லாட்டில் அகப்பட்டவை முழுக் குவியலின் நேர்மையான மாதிரி. வகைவாரியாகத் தனித்தனிச் சுற்று ஓட்டத் தேவையில்லை. ஒரே சுற்றே எல்லா வகைக்கும் மாதிரி தந்துவிடுகிறது.

நம் 370 தனி ஸ்லாட்டில் பெட்ஷீட் 118, தலையணை உறை 149, குளியல் துண்டு 74, கைத்துண்டு 29. ஒவ்வொன்றையும் 370-ஆல் வகுத்து 1217-ஆல் பெருக்குங்கள். பெட்ஷீட் 388, தலையணை உறை 490, குளியல் துண்டு 243, கைத்துண்டு 95.

பிழையைப் பாருங்கள். தலையணை உறையின் பங்கு 0.403. பங்கின் திட்ட விலக்கம், 0.403 × 0.597 ÷ 370 என்பதன் வர்க்கமூலம், 0.0255. 1217-ஆல் பெருக்கினால் 31. 490-க்கு 31 என்றால் பரவாயில்லை. கைத்துண்டுக்கு அதே கணக்கில் 17 வருகிறது. 95-க்கு 17! இரண்டு பக்கமும் இருமடங்கு வைத்தால் 61 முதல் 129 வரை எதுவாகவும் இருக்கலாம். இதை வைத்து யாரையும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. பெரிய வகைகளுக்கு நன்றாக உழைக்கும் முறை சின்ன வகைகளில் தடுமாறுவது இங்கேதான்.

சின்ன வகைகளுக்குத் தனிச் சுற்று

செலக்ட் கட்டளையில் எந்த நினைவகம், எந்த பிட்டிலிருந்து, எத்தனை பிட், என்ன மதிப்பு என்று கொடுத்தால் அதற்குப் பொருந்தும் டேக்குகள் மட்டும் அடுத்த சுற்றில் பேசும். எண் இருக்கும் நினைவகத்தில் முதல் 32 பிட் சரிபார்ப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் போய்விடுகிறது. ஆகவே 32-ஆவது பிட்டில் தொடங்கி 58 பிட் நீளம், மதிப்பாகக் கைத்துண்டின் எண். ஃப்ரேமை 128-ஆகக் குறையுங்கள்.

வெற்று 61 என்று வந்தால் மொத்தம் − 128 × இயல் மடக்கை (61 ÷ 128) = 95. திட்ட விலக்கம் இப்போது 7. எட்டு மடங்கு சிறிய ஃப்ரேமில் பிழை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வரம்பு 81 முதல் 109 வரை. சீட்டில் இருந்த 100 இதற்குள்தான் இருக்கிறது. 83 படித்ததைக் காட்டி 17 தொலைந்தது என்று சொல்ல இந்த எண்ணில் எந்த ஆதாரமும் இல்லை. என் யோசனை, இந்த இடத்தில் மதிப்பீட்டோடு நிற்காதீர்கள். நூறு டேக்தானே, மற்ற வகைகளின் நெரிசல் இல்லாமல் இப்போது முழுதாகப் படித்துவிடலாம். மதிப்பீடு எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது, முழு வாசிப்பு முடித்துவைக்கிறது.

ஒரு வகை இருக்கிறதா என்று மட்டும் அறிய: 1024 ஸ்லாட் சுற்றில் அந்த வகையின் டேக் ஒன்று தனி ஸ்லாட்டில் விழ வாய்ப்பு வெற்று ஸ்லாட்டின் பங்கேதான், 0.305. ஐந்து டேக் இருந்தும் ஒன்றுகூட அகப்படாமல் போக வாய்ப்பு 0.695-இன் ஐந்தடுக்கு, அதாவது 0.16. மூன்று சுற்றிலும் கண்ணில் படாமல் போக 0.004. மூன்று சுற்றிலும் வராத வகை அநேகமாக இல்லை, இருந்தாலும் ஓரிரண்டுதான்.

வரம்பைத் தாண்டியதா?

350 பெட்ஷீட் வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். மதிப்பீடு 388. பங்கின் பிழை 29, மொத்தத்தின் பிழையால் வருவது 11. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் 31. 388-க்கும் 350-க்கும் இடைவெளி 38. 38 ÷ 31 = 1.2. ஒருபக்கச் சோதனையில் 95 விழுக்காடு உறுதிக்கு 1.645 வேண்டும். ஆகவே ஒரு சுற்றில் முடிவு சொல்ல முடியாது.

அடுத்த சுற்று ஓட்டுங்கள், தனி ஸ்லாட்டுகளைச் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள். நான்கு சுற்றுக்குப் பிறகும் 388-ஐ ஒட்டியே இருந்தால் பிழை 16-க்கு இறங்கி, விகிதம் 2.4 ஆகிவிடும். போதும், நிறுத்துங்கள். தலையணை உறை 300 போதுமா என்று கேட்டிருந்தால் முதல் சுற்றிலேயே முடிந்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தேவைக்கு ஏற்ப நிறுத்துவதில்தான் நேரம் மிச்சமாகிறது. ஆனால் சுற்றுக்குச் சுற்று பார்த்துக்கொண்டே போனால் தற்செயலாக வரம்பைத் தாண்டும் வாய்ப்பும் கூடும். அதனால் நான் 1.645-க்குப் பதில் 2 என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பேசவே பேசாத டேக்

இதுவரை சொன்னதெல்லாம் ரீடருக்குப் பதில் கொடுக்கும் டேக்குகளைப் பற்றி. மின்சக்தியே கிடைக்காத டேக் எந்த ஸ்லாட்டிலும் இருக்காது, எந்தச் சூத்திரமும் அதை எண்ணாது. லாண்டரியில் இது சின்ன விஷயமல்ல. யுஎச்எஃப் அலையைத் தண்ணீர் விழுங்கும். நீச்சல் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட வரும் குளியல் துண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மூட்டை, இவற்றின் நடுவில் உள்ள டேக் ஊமையாகிவிடும். அப்புறம் 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர்; சுவரிலும் டிராலிக் கம்பியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்து, அரை அலைநீளத்துக்கு ஒன்றாக இருட்டுப் புள்ளிகளை உண்டாக்கும்.

இதற்கு இரட்டை வாசிப்பு முறை உதவும். ஏரி மீன்களையும் பறவைகளையும் எண்ண உயிரியலாளர்கள் பயன்படுத்தும் பிடித்து விட்டு மறுபடி பிடிக்கும் முறைதான் இது. டிராலியை வாசலில் ஒரு முறை படியுங்கள். துணியைக் கொட்டிக் கிளறிய பிறகு வேறு ஆன்டெனாவில் இன்னொரு முறை.

வகையின் எண்ணிக்கை = முதல் வாசிப்பு × இரண்டாம் வாசிப்பு ÷ இரண்டிலும் வந்தவை

குளியல் துண்டு முதலில் 230, பிறகு 219, இரண்டிலும் 207 என்றால், 230 × 219 ÷ 207 = 243. இரண்டு வாசிப்பையும் சேர்த்தால் வேறு வேறு டேக் 242. அநேகமாக ஒன்றுதான் விடுபட்டிருக்கிறது. எண்கள் சிறியதாக இருந்தால் மூன்றோடும் ஒன்றைக் கூட்டிக் கணக்கிட்டு, கடைசியில் ஒன்றைக் கழியுங்கள்; சாப்மன் திருத்தம் என்பது அது.

இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும் என்பது கட்டாய நிபந்தனை. கிளறாமல், அதே ஆன்டெனாவில் இரண்டு முறை படித்தால் அதே ஈரத் துண்டு இரண்டு முறையும் ஒளிந்துகொள்ளும், மதிப்பீடு குறைவாகவே வரும். நனைந்த துணியைப் பிழிந்த பிறகு இரண்டாம் வாசிப்பை வைப்பது நல்லது.

எண்கள் பொய் சொல்கிறதா என்று பார்த்தல்

இரண்டு டேக் மோதும்போது ஒன்றின் சத்தம் மற்றதைவிட மிக வலுவாக இருந்தால், ரீடர் வலுவானதைப் படித்துவிட்டு அதைத் தனி ஸ்லாட்டாக எழுதிவிடும். வெற்று ஸ்லாட் எண்ணிக்கையை இது பாதிக்காது. அதனால்தான் மொத்தத்துக்கு வெற்று ஸ்லாட்டை நம்பச் சொன்னேன். ஆனால் வகைப் பங்கைக் கெடுத்துவிடும். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் காய்ந்து கிடக்கும் தலையணை உறை தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அடியில் ஈரமாகக் கிடக்கும் துண்டு இழக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. மொத்தம் 1217 என்றால் எதிர்பார்க்க வேண்டிய தனி ஸ்லாட் 1217 × 0.3047 = 371. நமக்கு வந்தது 370. சரி. அதுவே 430 வந்திருந்தால் வகைப் பங்குகளை நம்பாமல், செலக்ட் கட்டளையால் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே அழைத்து வெற்று ஸ்லாட் முறையில் எண்ணுங்கள். மாறாக, மோதல் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தால் பக்கத்து வாசலின் ரீடர் குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். இரைச்சலையும் சில ரீடர்கள் மோதலாக எழுதும்.

பதிவேட்டில் ஒவ்வொரு வகைக்கும் படித்தது, மதிப்பிட்டது, பிழை வரம்பு, துணியின் ஈர நிலை என்று நான்கு கட்டம் போடுங்கள். சீட்டில் உள்ள எண் பிழை வரம்புக்குள் இருந்தால் குறைவு என்று எழுதக் கூடாது. வெளியே போனால் முதலில் முழு வாசிப்பு. பிறகும் குறைந்தால் அந்த வகையை மட்டும், இறக்கியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையால் எண்ணுங்கள்.